வரவேற்பறையில் ஒரு பழைய கணினி: ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டுவிடலாமா?

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இன்று கற்றலுக்கென்றே தனிப்பட்ட சாதனம் ஒன்று இருக்கிறது. அதை நிர்வகிக்கும் மென்பொருளும் அதில் பதிவாகியுள்ளது. கோளாறு வந்தால் பள்ளியில் உதவி கேட்கலாம்.

ஆனால், பல வீடுகளில் இன்னொரு கணினியும் இருக்கும். அண்ணனோ அக்காவோ பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. இப்போது வரவேற்பறை மூலையில், எல்லாருக்கும் பொதுவாக. அப்பா அதில்தான் மத்திய சேமநிதிக் கணக்கைப் பார்ப்பார். அம்மா அதில்தான் வங்கி வேலைகளை முடிப்பார். பாட்டி அதில் பழைய படங்கள் பார்ப்பார். குடும்பத்தின் பத்தாண்டுப் புகைப்படங்களும் அதற்குள்தான் கிடக்கும்.

அந்தக் கணினிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இருக்காது. திரையின் ஓரத்தில் புதுப்பிப்பு அறிவிப்பு வரும். யாராவது ‘பிறகு’ என்பதை அழுத்துவார்கள். அடுத்த நாள் வேறொருவர் அதையே செய்வார். “நல்லாத்தானே ஓடுது, எதுக்கு அதுல கை வைக்கிறே?” என்று பெரியவர்கள் கேட்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே. புதுப்பித்த பிறகு கணினி மெதுவானது, அச்சு இயந்திரம் வேலை செய்யாமல் போனது என்ற அனுபவம் அவர்களுக்கு இருந்திருக்கலாம்.

இருந்தாலும், எல்லாப் புதுப்பிப்புகளும் ஒரே ரகமல்ல. பட்டன்களின் தோற்றத்தை மாற்றும் புதுப்பிப்பைத் தள்ளிப்போட்டால் நட்டமில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு அப்படியல்ல. அது வெளியான மறுநாள், அதைப் பதிவிறக்காத கணினிக்கு இருக்கும் ஆபத்து முந்தைய நாளைவிட அதிகம். இதுதான் பலருக்கும் தெரியாத செய்தி.

ஓட்டை அடைபடும் நாளே ஓட்டை வெளியே தெரியும் நாள்

விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளம் கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரல். அவ்வளவு பெரிய நிரலில் பிழைகள் இல்லாமல் இருக்காது. அவற்றில் சில, வெளியாள் ஒருவர் உங்கள் கணினிக்குள் நுழைய வழிவிடும் பிழைகள். அத்தகைய பிழை கண்டுபிடிக்கப்பட்டதும் நிறுவனம் அதற்கு ஒட்டுப் போடுகிறது. கிழிந்த சட்டைக்கு உள்ளிருந்து துணி வைத்துத் தைப்பது போன்ற வேலை அது. அதனால்தான் அதற்குப் ‘பேட்ச்’ என்று பெயர்.

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் இந்த ஒட்டுகளை மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிட்டு வருகிறது. அந்த நாளைக் கணினித் துறையினர் ‘பேட்ச் டியூஸ்டே’ என்பர். அமெரிக்கப் பசிபிக் நேரப்படி காலை 10 மணிக்கு அவை வெளியாகும். நமக்கு அப்போது புதன்கிழமை பின்னிரவு ஒரு மணி அல்லது இரண்டு மணி.

இந்த ஒட்டு வெளியானதும் இரண்டு தரப்பினர் அதைப் பதிவிறக்குகிறார்கள். ஒரு தரப்பு, நம்மைப் போன்ற பயனாளர்கள். இன்னொரு தரப்பு, ஊடுருவிகள். அவர்கள் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மாறிய இடத்தில்தான் ஓட்டை இருந்தது. இனி அவர்கள் செய்ய வேண்டியது, அந்த ஒட்டை இன்னும் போடாத கணினிகளைத் தேடுவது மட்டுமே. பேட்ச் டியூஸ்டேக்கு மறுநாளை ‘எக்ஸ்ப்ளாய்ட் வெட்னஸ்டே’ என்று துறையினர் அழைப்பதற்கு அதுவே காரணம்.

உங்கள் வீட்டுக் கணினியை யாரும் பெயர் சொல்லித் தேட வேண்டியதில்லை. தேடுவது தானியங்கி நிரல்கள்தான். இணையத்தில் கிடைக்கும் முகவரிகளை அவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். திறந்த கதவு வங்கியினுடையதா, வீவக வீட்டினுடையதா என்பது அவற்றுக்குப் பொருட்டல்ல.

59 நாள்கள் இருந்தன

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ‘வானாகிரை’. 2017 மார்ச் 14ஆம் தேதி, கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு பகுதியில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஒட்டு வெளியிட்டது. மிக ஆபத்தானது என்ற தர நிலையும் அதற்குக் கொடுத்தது. ஒரு மாதம் கழித்து, அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி இணையத்தில் கசிந்தது. மே 12ஆம் தேதி தாக்குதல் தொடங்கியது. ஒட்டு வெளியான நாளிலிருந்து அன்றுவரை 59 நாள்கள்.

கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 அமெரிக்க டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது அந்த நிரல். ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானாகவே பரவியது. யாரும் எந்த இணைப்பையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தானதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. சிங்கப்பூரில்கூட ஒரு கடைத்தொகுதியின் மின்னிலக்க வழிகாட்டிப் பலகையில் அந்தச் சிவப்புத் திரை தோன்றியது.

பாதிக்கப்பட்டவை எல்லாம் கைவிடப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் என்றே பலர் நினைத்தனர். உண்மை வேறு. பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்று அதற்கு ஆதரவு இருந்தது. ஒட்டும் தயாராக இருந்தது. அதை யாரும் போட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் வீட்டுக்கு அருகே நடந்தது

2018ஆம் ஆண்டின் சிங்ஹெல்த் ஊடுருவலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகள் பற்றிய விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரமும் அவற்றில் ஒன்று.

அதை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானது. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், சந்தேகத்துக்குரிய நடவடிக்கைகளைக் கண்டும் உடனே மேலிடத்துக்குத் தெரிவிக்காதது எனப் பல குறைகளை அது சுட்டியது. அவற்றுடன் இன்னொன்றையும் சொன்னது: ஊடுருவிகள் பயன்படுத்திய ஒரு கணினியில் ‘அவுட்லுக்’ மின்னஞ்சல் மென்பொருளுக்கு உரிய ஒட்டுப் போடப்பட்டிருக்கவில்லை. ஒட்டு அப்போதே கிடைத்தது. அது போடப்பட்டிருந்தால் அவர்கள் பயன்படுத்திய கருவி அங்கே பலித்திருக்காது.

நிபுணர்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு கணினி விட்டுப்போகிறது என்றால், நிபுணர் யாருமில்லாத வீட்டில் என்ன நடக்கும்? அங்கே அந்த வேலையைச் செய்யக்கூடியவர் பெரும்பாலும் வீட்டின் மாணவர்தான். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

புதுப்பிப்பே தவறாகப் போனால்?

பெரியவர்களின் தயக்கத்துக்குப் பதில் சொல்லாமல் வேலையைத் தொடங்குவது சரியல்ல. புதுப்பிப்புகள் தவறுவது உண்டு. 2024 ஜூலை 19ஆம் தேதி, ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே பதிவுசெய்ய நேர்ந்தது.

அந்த மென்பொருள் நிறுவனங்களுக்கானது. வீட்டுக் கணினிகளில் அது பொதுவாக இருப்பதில்லை. ஆனாலும் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. புதுப்பிப்பைத் தவிர்க்கக் கூடாது. ஆனால் காப்புப் பிரதி எடுக்காமல் தொடங்கவும் கூடாது. பழைய கணினிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். எட்டு ஆண்டுகள் ஓடிய ‘ஹார்ட் டிஸ்க்’ நீண்ட நேர வேலையைத் தாங்காமல் போகலாம். அப்படிப் போனால் கணினி போகட்டும். புகைப்படங்கள் போகக் கூடாது.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

முதல் வேலை, காப்புப் பிரதி. வெளிப்புறச் சேமிப்புச் சாதனம் ஒன்றை இணைத்துப் புகைப்படங்கள், ஆவணங்கள், பள்ளிப் பாடங்கள் ஆகியவற்றை நகலெடுங்கள். நகலெடுத்த கோப்புகளில் நான்கைந்தைத் திறந்து பார்த்த பிறகே அதைக் கழற்றுங்கள். வேலை முடிந்ததும் அதைக் கணினியிலேயே விட்டுவைக்காதீர்கள். வானாகிரை போன்ற நிரல்கள் இணைந்திருக்கும் சேமிப்பையும் சேர்த்தே பூட்டிவிடும்.

இரண்டாவது, மீட்புக் குறியீடு. சில மடிக்கணினிகளில் சேமிப்பு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். புதுப்பித்தபின் அரிதாகச் சில வேளைகளில், 48 இலக்க ‘பிட்லாக்கர்’ மீட்புக் குறியீட்டைக் கணினி கேட்கும். கணினியில் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பெரும்பாலும் பதிவாகியிருக்கும். முன்கூட்டியே பார்த்துத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, இடம். பழைய கணினிகளில் புதுப்பிப்பு பாதியில் நிற்பதற்கு முக்கியமான காரணம் இடப் பற்றாக்குறை. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஸ்டோரேஜ்’ பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். தற்காலிகக் கோப்புகளையும் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். பெரிய காணொளிகளை வெளிப்புறச் சேமிப்புக்கு மாற்றுங்கள். 20 கிகாபைட் காலியாக இருந்தால் கவலையில்லை.

நான்காவது, மின்சாரம். பழைய மடிக்கணினியின் மின்கலத்தை நம்பாதீர்கள். மின்னூட்டியைச் செருகியே வேலையைத் தொடங்குங்கள்.

ஐந்தாவது, புதுப்பிப்பு. விண்டோஸ் 10 என்றால் ‘செட்டிங்ஸ்’, பிறகு ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’, அதில் ‘விண்டோஸ் அப்டேட்’. ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ என்பதை அழுத்துங்கள். மாதக்கணக்கில் தவறவிட்டிருந்தாலும் பயம் வேண்டாம். விண்டோஸ் 10இல் ஒவ்வொரு மாதப் புதுப்பிப்பும் அதற்கு முந்தைய மாதங்களின் ஒட்டுகளையும் உள்ளடக்கியே வருகிறது. பட்டியலில் விருப்பத் தெரிவாகக் காட்டப்படும் சாதன இயக்கிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். அச்சு இயந்திரமும் ஒலியும் திடீரென்று வேலை செய்யாமல் போவதற்குச் சில வேளைகளில் அவையே காரணம். பாதுகாப்புப் புதுப்பிப்பு மட்டும் விட்டுப்போகக் கூடாது.

ஆறாவது, பொறுமை. ‘கணினியை அணைக்க வேண்டாம்’ என்ற எழுத்துடன் திரை வெகுநேரம் நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இது மணிக்கணக்கில் நீடிக்கலாம். நின்றுவிட்டது என்று நினைத்துப் பொத்தானை அழுத்தி அணைப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. பாதி எழுதப்பட்ட கோப்புகளுடன் கணினி தொடங்கவே முடியாமல் போகலாம். ஞாயிறு இரவில், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஏழாவது, மறுபடி சோதனை. கணினி மீண்டும் தொடங்கிய பிறகு இன்னொரு முறை ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்துங்கள். நெடுங்காலம் புதுப்பிக்காத கணினியில் ஒரு சுற்று முடிந்த பிறகே அடுத்தது தோன்றும். பாக்கி எதுவுமில்லை என்று கணினியே சொல்லும்வரை தொடருங்கள். பிறகு தேடல் பெட்டியில் ‘வின்வர்’ கட்டளையை ஆங்கில எழுத்தில் இட்டால் பதிப்பு எண் தெரியும். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பு 22எச்2.

புதுப்பித்தபின் உண்மையிலேயே சிக்கல் வந்தால், ‘வியூ அப்டேட் ஹிஸ்டரி’ பக்கத்தில் அண்மையில் சேர்ந்த புதுப்பிப்பை நீக்க வழியுண்டு. அதைத் தற்காலிகத் தீர்வாக மட்டும் கருதுங்கள்.

இயங்குதளத்தோடு வேலை முடிவதில்லை. உலாவி, அலுவலக மென்பொருள், பிடிஎஃப் வாசிப்பான் ஆகியவற்றையும் புதுப்பிக்க வேண்டும். வெளியாள் அனுப்பும் கோப்புகளையும் பக்கங்களையும் முதலில் திறப்பவை அவைதான். வீட்டின் ‘வைஃபை ரூட்டர்’ சாதனத்துக்கும் புதுப்பிப்பு உண்டு. அதைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை.

ஒட்டுகளே நின்றுபோனால்

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. ‘ஆஃபிஸ் 2016’, ‘ஆஃபிஸ் 2019’ ஆகியவற்றுக்கும் அதே நாள்தான். அந்தக் கணினிகள் அன்றோடு நின்றுவிடவில்லை, வழக்கம்போல ஓடுகின்றன. ஓடுவதுதான் சிக்கல். வெளியில் எதுவும் மாறாததால் ஆபத்து தெரிவதில்லை.

விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, குறைந்தது 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பு, அங்கீகரிக்கப்பட்ட செயலி ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். 2017க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணினிகளுக்கு இந்தத் தகுதி இல்லை.

அவற்றுக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம். 22எச்2 பதிப்பில் இருக்கும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை முக்கியப் பாதுகாப்பு ஒட்டுகள் கிடைக்க அது வழி செய்கிறது. கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. அல்லது 30 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகையைச் செலுத்தலாம். பதிந்துகொள்ளும் இணைப்பு ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே தோன்றும். இது அவகாசம்தான், நிரந்தரத் தீர்வு அல்ல.

இரண்டாவது, இயங்குதளத்தையே மாற்றுவது. ‘லினக்ஸ் மின்ட்’, ‘குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ்’ போன்றவை இலவசம். பழைய கணினிகளிலும் ஓரளவு வேகமாக ஓடும். தொடர்ந்து ஒட்டுகளும் வரும். இணையம், மின்னஞ்சல், காணொளி போதுமென்றால் இது நல்ல வழி. கணினித் துறையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு நல்ல பயிற்சியும்கூட. ஆனால், நிறுவும்போது பழைய கோப்புகள் அழிந்துவிடும். காப்புப் பிரதி இல்லாமல் தொடாதீர்கள்.

மூன்றாவது, பிரியாவிடை. புதிதாக ஒன்று வாங்க முடிந்தால் பழையதன் சேமிப்பை முழுமையாக அழித்துவிட்டு மின்கழிவு மறுசுழற்சிக்குக் கொடுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்கள் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் திட்டத்தின்கீழ் சலுகை விலையில் கணினி பெற முடியுமா என்று விசாரிக்கலாம். புதிது வரும்வரை பழைய கணினியில் சிங்பாஸ், வங்கி, சேமநிதி வேலைகளைச் செய்யாமல், புதுப்பிக்கப்பட்ட கைத்தொலைபேசியில் செய்வது நல்லது.

போலி ‘புதுப்பிப்பு’ வேடத்தில்

புதுப்பிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மோசடிக்காரர்கள் விரும்பிப் போடும் வேடங்களில் ஒன்று இது. இணையப் பக்கத்தின் நடுவே ‘உங்கள் உலாவி பழையது, இங்கே அழுத்துங்கள்’ என்று வருவதை நம்ப வேண்டாம். ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது’ என்று வரும் அழைப்பையும் நம்ப வேண்டாம். உண்மையான புதுப்பிப்பு கணினியின் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள்ளும் அந்தந்த மென்பொருளுக்குள்ளும்தான் கிடைக்கும். அது தொலைபேசியில் அழைக்காது, பணம் கேட்காது, கடவுச்சொல்லும் கேட்காது. சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை நாடலாம்.

தாத்தா, பாட்டிக்கு இதை விளக்குவது எளிது: “திரையில எதுவும் வந்தா தொடாதீங்க தாத்தா, என்னைக் கூப்பிடுங்க.” அவர்கள் கூப்பிடும்போது சலித்துக்கொள்ளாமல் போய்ப் பார்ப்பது உங்கள் பங்கு.

ஒரு முறை சரிசெய்துவிட்டால் அதன்பின் வேலை குறைவு. தானியங்கிப் புதுப்பிப்பு இயங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு மாதம் ஒரு முறை, இரண்டாவது செவ்வாய்க்கிழமையைத் தொடர்ந்து வரும் சனிக்கிழமையில், கணினியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். கைத்தொலைபேசி நாள்காட்டியில் இப்போதே அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘பிறகு’ என்ற பட்டனை அழுத்தப் பலர் இருக்கும் வீட்டில், ‘இப்போதே’ என்பதை அழுத்த ஒருவர் இருந்தால் போதும்.